பிறப்பிலே தீயவர் உளரோ?
(மேசை ஆட்டமொன்றில் ஐம்பது ஆண்டுகளாக நிகழும் வழக்கு)

நமது கோயில்களிற் கந்தபுராண படனம் நடைபெறுங் காலத்தில், சூரபன்மன் வதைப் படலம் வருகின்ற நாளில் மண்டபம் நிறைந்துவிடும். ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லிக்கொண்டு வருவார். மாமரமாய் நின்ற சூரன் வேலாற் பிளவுண்டு, ஒரு கூறு மயிலாகவும் மறு கூறு சேவலாகவும் ஆகிய இடம் வந்ததும், சிறுவன் ஒருவனாவது பக்கத்திலிருக்கும் பாட்டனாரைச் சுரண்டிக் கேளாமல் விடுவதில்லை: "அப்பு, சூரன் அசுரன்தானே? அசுரர் எல்லாரும் கெட்டவர்கள்தானே? பிறகேன் முருகன் அவனைத் தன்னோடு வைத்துக்கொண்டார்?" பாட்டனாருடைய விடை அவரவர் கல்விக்கும் பொறுமைக்கும் ஏற்றபடி அமையும்.

இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டிலே 1974ஆம் ஆண்டில் வெளிவந்து இன்று உலகெங்கும் பரவியுள்ள ஒரு மேசை ஆட்டத்திலே, இதே கேள்வி வேறு உடை உடுத்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வாதிக்கப்பட்டு வருகின்றது. நம் சங்க இளைஞரிற் சிலர் அவ்வாட்டத்தை அறிவர். பெரியோர்களிற் பலர் அதனைச் சிறுபிள்ளை விளையாட்டென்று ஒதுக்குவர். விளையாட்டென்பது உண்மையே. ஆயினும், ஒரு பிறவியை 'நல்லது' என்றும் மற்றொன்றைத் 'தீயது' என்றும் காகிதத்தில் எழுதிவைத்தால் அவ்வெழுத்து மனிதரை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அதனினுந் தெளிவான வரலாற்றைக் காண்டல் அரிது. அதனாலேயே இம்மலரில் அதனை எழுதத் துணிந்தோம்.

முதலில் ஆட்டம் இன்னதென்று சொல்லிவிடுவோம். அதன் பெயர் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்'. 'நிலவறைகளும் பறக்கும் நாகங்களும்' என்று தமிழில் வைத்துக்கொள்ளலாம். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் ஆட்டத் தலைவர். அவர் கதை நிகழும் உலகத்தை வாயாற் சொல்லிக்கொண்டு போவார். மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, "என் வீரன் கதவைத் திறக்கிறான்", "என் மந்திரவாதி ஓடி ஒளிக்கிறான்" என்று தம் செயலைக் கூறுவர். செயல் பலித்ததா என்பதைப் பகடை உருட்டித் தீர்மானிப்பர். இருபது முகங்கொண்ட பகடையும் உண்டு. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாள். அத்தாளிலே பலம், அறிவு, ஆயுதம் என்பவற்றோடு ஒரு சிறு வரியும் இருக்கும். அவ்வரியிலே அப்பாத்திரத்தின் 'சார்பு' எழுதப்படும். நாம் பேச எடுத்துக்கொண்டது அந்த ஒரு வரியை மாத்திரமே.

இவ்வரியின் பிறப்பு ஒழுக்க நூலிலன்று, போர்க்களத்திலே என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னுஞ் சிறு நகரில் வாழ்ந்த கரி கைகாக்ஸ் என்பாரும் அவர் நண்பர் ஜெவ் பெரன் என்பாரும் 1971இல் 'செயின்மெயில்' என்றொரு போர் ஆட்ட விதிநூலை வெளியிட்டனர். சிறு பொம்மை வீரரை அணிவகுத்து இடைக்காலப் போர்களை மேசைமேல் நடத்துவதற்கான நூல் அது. அதன் பிற்சேர்க்கையிலே மாய உயிர்களும் போரிலே கலந்துகொள்ள இடமளிக்கப்பட்டது. எந்த உயிர் எந்தப் படையிற் சேரலாம்? அதற்காக ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என மூன்று நிரல்கள் வகுத்தனர். நல்லவை எவை தீயவை எவை என்று திட்டமாகக் கோடு கிழித்தல் இயலாதென்று அந்நூலே அவ்விடத்திற் சொல்லிவைத்தது. பின்னாளில் எழுந்த சண்டைகளை நோக்கும்போது, அவ்வொரு வாக்கியத்தை எல்லாரும் மறந்துபோனது வியப்பாகவே இருக்கின்றது.

ஒழுங்கு, குழப்பம் என்னுஞ் சொற்களும் கைகாக்ஸின் சொந்தச் சொற்களல்ல. போல் அன்டர்சன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1953இல் ஒரு சஞ்சிகையிலே தொடராகவும் 1961இல் நூலாகவும் வெளியிட்ட 'மூன்று இதயங்களும் மூன்று சிங்கங்களும்' என்னுங் கதையிலே, இரண்டாம் உலகப் போரில் நாற்சிகளை எதிர்த்துப் போராடிய டென்மார்க்கு இளைஞன் ஒருவன் மாய உலகமொன்றிலே விழுகின்றான். அங்கே மனிதர் பக்கம் ஒழுங்கும், மாயப் பிறவிகள் பக்கம் குழப்பமும் நின்று பொருதுகின்றன. அதே 1961இல் இங்கிலாந்தில் மைக்கல் மூர்கொக் என்பார் எல்ரிக் என்னும் நாயகனைப் படைத்தார். அவர் கதைகளிலும் ஒழுங்கும் குழப்பமுமே மோதுகின்றன. ஆயின் அங்கே இரண்டில் எது முற்றாக வென்றாலும் உலகுக்குக் கேடே. ஒன்று மட்டும் மிஞ்சிய உலகம் அசைவற்று மலடாகும். மற்றது மட்டும் மிஞ்சிய உலகம் உருவற்றுச் சிதறும். எனவே அவருக்குச் சமநிலையே வேண்டுவதாயிற்று. அன்டர்சனின் ஒழுங்கு நன்மைக்கு அண்மையில் நிற்பது. மூர்கொக்கின் ஒழுங்கு அவ்வாறன்று. ஒரே சொல்லுக்கு இரு தந்தையர் இவ்வாறு வாய்த்தமையால், ஆட்டம் பிறக்கும்போதே வழக்கும் உடன்பிறந்தது.

1974 ஜனவரியிலே கைகாக்ஸும் மினெசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னெசனும் இயற்றிய ஆட்டம் மூன்று சிறு நூல்களாக ஒரு பெட்டியில் வெளிவந்தது. முதற் பதிப்பு ஆயிரம் பிரதிகள். முதல் நூலிலேயே அம்மூன்று நிரல்களும் உள. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். 'ஓர்க்' எனப்படும் பன்றிமுக அரக்கர் கூட்டம் பிற்காலத்திற் பிறவித் தீயோருக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டது. அக்கூட்டமோ அந்த முதல் நூலிலே குழப்ப நிரலில் மட்டுமன்றி நடுநிலை நிரலிலும் எழுதப்பட்டிருக்கின்றது. மனிதர் மூன்று நிரலிலும் உளர். ஆகவே அன்று அவ்வரி சொன்னது, "இப்பிறவி இன்ன குணமுடையது" என்பதன்று. "போர் வந்தால் இப்படையிற் காணப்படும்" என்பதே.

படைப்பெயர் உள்ளப்பெயராக மாறியது விரைவிலேயே நிகழ்ந்தது. 1975இல் வந்த அநுபந்த நூலொன்றிலே 'பலடின்' எனும் அறவீரன் தோன்றினான். அவன் ஒழுங்கின் பக்கம் நிற்கவேண்டியவன். குழப்பச் செயல் ஒன்று செய்துவிட்டால் அப்பதவியை என்றைக்கும் இழப்பான். இது படையிற் பெயர் எழுதுவதன்று, நடத்தைக்கு நியாயத்தீர்ப்பு என்பது வெளிப்படை. அடுத்த ஆண்டு, 1976 பெப்ரவரியிலே, கைகாக்ஸ் தம் நிறுவனத்துச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். ஒழுங்கு வேறு, நன்மை வேறு. குழப்பம் வேறு, தீமை வேறு என்பதே அதன் கருத்து. ஒழுங்கு குழப்பம் என்பதை ஒரு கோடாகவும், நன்மை தீமை என்பதை அதனைக் குறுக்கறுக்கும் மற்றொரு கோடாகவும் வரைந்து காட்டினார். அப்படியானால் சட்டத்துக்கு அடங்கிய கொடியோனும் இருக்கலாம். சட்டத்துக்கு அடங்காத நல்லோனும் இருக்கலாம். 1977இற் சார்புகள் ஐந்தாயின. 1978இல் வெளிவந்த விளையாடுவோர் கைந்நூலில் அவை ஒன்பது கட்டங்களாக நிறைவெய்தின. ஒழுங்கான நன்மை, நடுநிலை நன்மை, குழப்பமான நன்மை என மூன்று. தீமைக்கும் அவ்வாறே மூன்று. இரண்டிற்கும் இடையே மூன்று. நவக்கிரகங்களைப் போல ஒன்றையொன்று பார்த்தும் பாராதும் நிற்கும் இவ்வொன்பதையும் இளைஞர் மனப்பாடமாகவே அறிவர்.

நாம் இதனைப் பரிகசிக்கவில்லை. சட்டத்தையும் அறத்தையும் வேறு பிரித்தது பெரிய காரியம். பதினைந்து வயதுப் பையன் ஒருவன், "சட்டப்படி நடப்பவன் நல்லவனாகத்தான் இருக்கவேண்டுமா?" என்று ஒரு சனிக்கிழமை மாலை நண்பரோடு இருந்து வாதிப்பானாயின், அவனுக்கு அக்கேள்வியைத் தந்த ஆட்டத்தைக் குறை சொல்வானேன்?

ஆயின் கேள்வியாய் இருந்தது விதியாக இறுகியபோது சங்கடங்கள் விளைந்தன. 1979இல் வந்த ஆட்டத் தலைவர் நூலின்படி, ஒவ்வொரு பாத்திரத்தின் நடத்தையையும் தலைவர் குறித்துவர வேண்டும். எழுதிய சார்பிலிருந்து நடத்தை விலகிவிட்டால் சார்பு மாறும். மாறினால் ஈட்டிய தகுதியில் ஒரு படியை இழக்கவேண்டும். இதனினும் விசித்திரம், ஒவ்வொரு சார்புக்கும் ஒரு தனி மொழி உண்டென்பது! ஒழுங்கான நல்லோர் தமக்குள் ஒரு மொழி பேசுவர். சார்பு மாறிய கணமே அம்மொழி அவருக்கு மறந்துபோம். இதனை வாசித்தபோது நமக்குச் சிரிப்பு வந்தது. கட்சி மாறியவர் பழைய நண்பரோடு பேச முடியாமற் போவது அரசியலில் நாம் காணாததன்று என்று அருகிலிருந்த ஒருவர் சொன்னார்.

பையன்கள் இவ்விதிகளை எவ்வாறு கையாண்டனர் என்பதும் சுவையானது. தாளில் 'குழப்பமான நடுநிலை' என்று எழுதிக்கொண்டவன் நண்பனின் பணப்பையைத் திருடிவிட்டு, "நான் என்ன செய்வது, என் சார்பு அப்படி" என்பான். 'ஒழுங்கான நன்மை' என்று எழுதிக்கொண்டவன் கூட்டத்தார் அனைவருக்கும் உபதேசியாகி உயிரை வாங்குவான். முந்தியது செயலா, பெயரா? செயலைக் கண்டு பெயர் சூட்டுவதா, பெயரைக் கண்டு செயலை எதிர்பார்ப்பதா? இவ்வழக்கின் வேர் இதுவே.

இதற்கு நம்மவர் ஒருவரையே சான்றாக நிறுத்திப் பார்ப்போம். கச்சியப்ப சிவாசாரியர் காட்டும் சிங்கமுகன், தேவரைச் சிறைவைத்தது தவறு, அவரை விட்டுவிடு என்று அண்ணன் சூரபன்மனுக்கு எடுத்துரைத்தவன். அண்ணன் கேளானாகவே, அவனுக்காகப் போர்க்களம் புகுந்து மடிந்தவன். அவன் தாளில் என்ன எழுதுவது? நீதியை அறிந்தவன் ஆதலின் நல்லவனா? அநீதிக்குப் படை நடத்தியவன் ஆதலின் தீயவனா? கும்பகருணனுக்கும் இதே சிக்கல். ஒன்பது கட்டமன்று, தொண்ணூறு கட்டம் வரைந்தாலும் இவர்கள் ஒன்றினுள் அடங்கார். சூரபன்மனே விசுவரூபங் கண்டு ஒரு கணம் உள்ளம் நெகிழ்ந்து துதித்தவன்தான். மறுகணம் ஆணவம் மேலிட்டது. காசிபர் அறத்தை உபதேசிக்க, தாய் மாயை அதனை மறுத்து உபதேசிக்க, மக்கள் தாயின் சொல்லைத் தேர்ந்துகொண்டார்கள் என்றே புராணம் சொல்லுகின்றது. தேர்ந்தார்கள் என்றால், தேராது விட்டிருக்கவும் இடமிருந்தது என்பதே பொருள்.

இனி வழக்கின் கடுமையான பகுதிக்கு வருவோம். கைகாக்ஸ் எழுதி 1979 முடிவில் வெளிவந்த 'எல்லைப்புறக் கோட்டை' என்னும் ஆட்டக் கதை, புதியோர்க்கான பெட்டியோடு சேர்த்து விற்கப்பட்டமையால் எண்ணற்ற இளைஞரின் முதற் கதையாயிற்று. அக்கதையிலே 'குழப்பக் குகைகள்' என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. ஓர்க்குகளும் அவைபோன்ற பிற கூட்டங்களும் அங்கே குகைக்கொரு குலமாக வாழ்கின்றன. வீரர் உட்புகுந்து ஆண்களோடு பொருது வென்ற பின், உள்ளறையிலே சண்டையிடாத பெண்களும் குழந்தைகளும் இருப்பதாக நூல் எழுதியிருக்கின்றது. இவர்களை என்ன செய்வது என்று எழுதப்படவில்லை. மேசையைச் சுற்றியிருந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். ஓர்க்குக் குழந்தை வளர்ந்தால் ஓர்க்குதானே, கொன்றுவிடலாம் என்றான் ஒருவன். குழந்தையைக் கொல்பவன் 'நன்மை' என்று தாளில் எழுதிவைத்திருப்பது எப்படி என்றான் மற்றொருவன். ஆட்டம் அங்கே நின்றது, வாதம் தொடங்கிற்று. இன்றுவரை இவ்வாட்டக்காரர் நடுவே பழகிப்போன வழக்கு இதுதான்.

ஆட்டத்தைப் படைத்தவரிடமே இது போயிற்று. 2005இல் அறவீரனுடைய கடமை பற்றிய வினாக்களுக்கு விடையெழுதுகையில், பகைவரைக் கொல்லுதல் ஒழுங்கான நன்மைக்கு மாறானதன்று என்று கூறிய கைகாக்ஸ், ஈர்தான் பேனாகும் என்னும் கருத்துள்ள பழமொழி ஒன்றை ஆதாரமாகக் காட்டினார். ஈரைக் கண்டபோதே நசுக்காவிட்டால் அது பேனாகிக் கடிக்கும் என்பது கருத்து. அமெரிக்க வரலாறு கற்றோர் திடுக்கிட்டனர். ஏனெனில் அப்பழமொழிக்கு அந்நாட்டிலே ஒரு குருதிக்கறை உண்டு.

1864 நவம்பர் 29ஆந் திகதி விடியற்காலையிலே, கொலராடோப் பிரதேசத்துச் சான்ட் கிறீக் என்னும் ஓடைக் கரையில், கேணல் ஜோன் சிவிங்டன் என்பவரின் படை செவ்விந்தியரின் கூடாரங்களைச் சூழ்ந்தது. அங்கிருந்த செயென், அரப்பாகோ மக்கள் சமாதானத்தை நாடி வந்து தங்கியிருந்தவர்கள். அவர்கள் தலைவர் கருங்கெண்டியார் தம் கூடாரத்தின்மேல் அமெரிக்கக் கொடியையும் வெள்ளைக் கொடியையும் உயர்த்தியிருந்தார். அன்று கொல்லப்பட்டோரிற் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியோருமே. சிவிங்டன் முன்பு மெதடிஸ்த போதகராக இருந்தவர். குழந்தைகளையும் விடக்கூடாதென்பதற்கு அவர் சொன்னதாக வரலாற்றிற் பதிந்திருப்பது அந்த ஈரும் பேனும் பற்றிய பழமொழியே. இத்தொடர்பை எடுத்துக்காட்டியபோது, அப்பழமொழி சிவிங்டனுக்கும் முற்பட்டதென்றும் கண்கூடான உண்மையென்றும் கைகாக்ஸ் விடையிறுத்தார். அவர் 2008 மார்ச்சிலும், ஆர்னெசன் 2009 ஏப்பிரலிலும் மறைந்தனர். இறந்தவர்மேற் குற்றஞ்சுமத்துவது நம் நோக்கமன்று. கற்பனை உலகத்து ஓர்க்கைப் பற்றியே அவர் பேசினார், மனிதரைப் பற்றியன்று என்பதையும் மறக்கலாகாது. ஆனால் கற்பனைப் பிறவிக்கு நியாயங்கூறத் தேடியபோது அவர் கைக்கு அகப்பட்டது மனிதருக்கு எதிராக வழங்கிய ஒரு வாக்கியமாய் இருந்ததே, அதுதான் நம்மை வருத்துகின்றது.

அந்தச் சான்ட் கிறீக்கிலே மற்றொருவரும் இருந்தார். அவர் பெயர் கப்டன் சைலஸ் சோல். சிவிங்டனுக்குக் கீழ்ப்பட்ட அதிகாரி. அதே சீருடை, அதே கொடி, அதே கட்டளை. அவர் தம் அணியைச் சுடவிடாமல் நிறுத்திவைத்தார். பின்னர் விசாரணைக் குழுவின் முன் தோன்றி நடந்ததை நடந்தபடி சொன்னார். சில வாரங்களுள், 1865 ஏப்பிரலிலே, டென்வர் நகரத் தெருவிற் சுட்டுக் கொல்லப்பட்டார். மேலதிகாரியின் கட்டளையை மீறியவரை ஒன்பது கட்டத்துள் எங்கே இருத்துவது? ஒழுங்கை மீறிய நல்லோன் என்பர் சிலர். கொலைக்கட்டளை கட்டளையே அன்று, ஆகவே அவரே ஒழுங்கைக் காத்தவர் என்பர் வேறு சிலர். இப்படி ஒரு மனிதரை எடுத்து வாதிக்கும்போதுதான் அந்த ஒன்பது கட்டமும் பயன்படுகின்றது என்று நமக்குத் தோன்றுகின்றது. கட்டங்கள் விடை தரமாட்டா. எங்கே விடையில்லை என்று காட்டும்.

சார்பே வேண்டாமென்று ஒதுக்கியோரும் தொடக்கத்திலிருந்தே இருந்தனர். 1978இல் வந்த 'ரூன்குவெஸ்ட்' என்னும் ஆட்டத்தில் இவ்வரி இல்லை. ஒருவன் எந்தத் தெய்வத்தை வழிபடுகின்றான், அவ்வழிபாடு அவனிடம் எதனை வேண்டுகின்றது என்பதே கணக்கு. அதன் உலகத்தைப் படைத்த கிறெக் ஸ்டபோர்ட் 1985இல் ஆதர் மன்னனின் கதையைத் தழுவிப் 'பென்டிராகன்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டார். எமக்கு மிகப் பிடித்தது இவ்வாட்டத்தின் முறையே. பதின்மூன்று இணைகள்: கருணையும் கொடுமையும், நீதியும் மனம்போன போக்கும், அடக்கமும் செருக்கும் என்றிவ்வாறு. ஒவ்வோர் இணையிலும் இரு பக்கத்து எண்களின் கூட்டுத்தொகை இருபது. கருணை பதினான்கானால் கொடுமை ஆறு. கருணை ஏறினாற் கொடுமை இறங்கும். ஆட்டத்திற் செய்த செயலைப் பார்த்து ஆண்டு முடிவில் எண்கள் மாறுகின்றன. எத்துணைக் கருணையாளனிடத்தும் கொடுமை சிறிதேனும் கிடக்கும். எத்துணைக் கொடியோனிடத்தும் கருணை முற்றாக வற்றிவிடாது. ஆணவ மலம் எல்லா உயிரையும் பற்றியது, அசுரரை மட்டுமன்று என்று சித்தாந்த வகுப்பிற் கேட்டவர்க்கு இக்கணக்கு அந்நியமாகத் தோன்றாது.

பிறவித்தீமை என்னும் கோட்டைக்கு முதல் உடைப்பு வாதத்தால் வரவில்லை, கதையால் வந்தது. 1988இல் ஆர். ஏ. சல்வத்தோர் என்பார் இவ்வாட்டத்தின் உலகை வைத்து ஒரு நாவல் எழுதினார். அதில் துணைப்பாத்திரமாக வந்தவன் டிறிஸ்ட் என்பவன். அவன் குலம், நிலத்தடியில் வாழும் கரிய நிறத்து எல்வ் குலம், விதிநூலின்படி கொடியோர். அவனோ அக்குலத்தின் கொடுமையைச் சகியாது ஊரை விட்டு வெளியேறி, மேலுலகிலே தன்னை நம்பாத மக்கள் நடுவே நல்லவனாக வாழ முயல்கின்றான். வாசகர் நாயகனை விட்டுவிட்டு இவனையே பிடித்துக்கொண்டனர். அவனைப் பற்றிய நூல்கள் பல பதின்மங்களாகப் பெருகின. நமக்கு இவனைப் புதிதாக அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. இலங்கையை விட்டுக் கடல் தாண்டிய ஒருவனை நாம் முன்னமே அறிவோம். அவனிடம் பிறகு வருகின்றோம். கரிய தோலைக் கொடிய குலத்துக்கு அடையாளமாக்கியது ஏன் என்ற கேள்வியையும் இக்கதை தீர்க்கவில்லை. பின்னாளில் அது உரக்கவே எழுந்தது.

விதிநூல்களும் மெல்ல இளகின. 2000ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பிலே ஒவ்வொரு பிறவியின் சார்புக்கும் முன் ஓர் அடைமொழி சேர்ந்தது: 'எப்போதும்', 'பெரும்பாலும்', 'பலவேளை'. ஓர்க்குக்குப் 'பலவேளை' என்றே வாய்த்தது. 2008இற் கட்டங்கள் ஐந்தாகச் சுருங்கின. சார்பின்றியும் இருக்கலாமென்று இடம் வந்தது. 2014இல் மீண்டும் ஒன்பது. 2020 ஜூனிலே, அமெரிக்க வீதிகளில் இனநீதி கோரி மக்கள் திரண்டிருந்த நாட்களில், ஆட்டத்தை இப்போது வெளியிடும் விசர்ட்ஸ் ஒவ் த கோஸ்ட் நிறுவனம் ஓர் அறிக்கை விட்டது. ஓர்க்குகளையும் கரிய எல்வுகளையும் கொடியோராகக் காட்டிய விதம், உலகில் உண்மை மக்கட் கூட்டங்கள் இழிவுபடுத்தப்பட்ட விதத்தை வருந்தத்தக்க அளவு ஒத்திருந்ததென்று ஒப்புக்கொண்டு, இனி அவர்களையும் ஏனைய மக்களைப் போலப் பல திறத்தினராகவே காட்டுவோம் என்றது. 2023இல் இவ்வாட்டத்தின் போட்டியாளரான 'பாத்பைண்டர்' தன் புதுப்பதிப்பிலிருந்து சார்பை அடியோடு நீக்கிவிட்டது. 2024இன் புதிய விளையாடுவோர் நூலிலே ஓர்க்கு மனிதரோடு ஒருங்கே வைத்து எண்ணப்படுகின்றான். ஒன்பது சார்புகளும் இருந்தபடியே இருக்கின்றன, தண்டனை மாத்திரம் இல்லை.

மறுபக்கத்தார் கூறுவதையும் சொல்லாது விடுதல் நீதியன்று. பழைய ஆட்டக்காரர் பலர் இம்மாற்றங்களை வெறுத்தனர். கதையிலே வரும் அரக்கன் மனிதனல்லன்; அவன் நம்முள்ளிருக்கும் தீமைக்கு ஓர் உருவம். உருவத்துக்கு உரிமை கேட்டு வழக்காடினால் தீமையோடு பொருகின்ற கதையே எஞ்சாது என்பர் அவர். இவ்வாதம் இலேசானதன்று. சூரசங்காரத் திடலில் சூரன் தலை மாறி மாறி வருகையில் ஆரவாரிக்கும் நாம், அத்தலைகளைக் காமம், குரோதம் என்றே பயன் சொல்லிக் கேட்டிருக்கின்றோம். சூரனுக்காக எவரும் கண்ணீர் விடுவதில்லை. எனினும் நாம் ஒரு வேற்றுமை காண்கின்றோம். தீமைக்கு உருவமாக வந்தவனுக்கு மனைவி, மக்கள், தொட்டிற் குழந்தை என்று குடும்பத்தை அமைத்து, அவர்களை ஓர் உள்ளறையில் இருத்திவிட்ட பின், 'இது வெறும் உருவம்' என்று சொல்லிவிட்டு வாளோடு அவ்வறைக்குட் போக முடியாது.

1980களில் அமெரிக்கக் கிறித்தவக் குழுக்கள் சில இவ்வாட்டத்தைப் பேய்வழிபாடென்று தூற்றிய கதையும் உண்டு. அது நம் விஷயத்துக்குப் புறம்பானது. அதன் விளைவாக 1989ஆம் ஆண்டுப் பதிப்பிலே பிசாசுகளுக்கெல்லாம் வாயில் நுழையாத புதுப்பெயர்கள் சூட்டப்பட்டன என்பதை மட்டும் சொல்லி மேற்செல்வோம்.

நமக்கு நெருங்கிய ஒரு செய்தி எஞ்சியிருக்கின்றது. இவ்வாட்டத்துள் நம் புராண மாந்தரும் புகுத்தப்பட்டுள்ளனர். 1980இல் வந்த தெய்வங்கள் பற்றிய நூலிலே இந்திரன், அக்கினி, வருணன், விட்டுணு, இலக்குமி என நம் தெய்வங்கள் வரிசையாக நிற்க, ஒவ்வொருவருக்கும் உயிர்ப்புள்ளிகளும் ஒரு சார்பும் எழுதப்பட்டிருக்கின்றன. காளியன்னைக்கும் ஒரு கட்டம் ஒதுக்கினர். அது எக்கட்டம் என்று இங்கே எழுத நம் கை கூசுகின்றது. அதற்கு முன்னரே, 1977ஆம் ஆண்டு நூலில் இராட்சதன் வந்துவிட்டான். அமெரிக்கத் தொலைக்காட்சித் திகில் நாடகம் ஒன்றைப் பார்த்தே கைகாக்ஸ் அவனை எடுத்தார் என்பர். படத்திலே அவனுக்குப் புலித்தலை, உடலில் மேலங்கி, கையிலே புகைக்குழாய். வால்மீகியும் கம்பரும் கண்டால் யாரென்று கேட்டிருப்பர். அவன் சார்பு 'ஒழுங்கான தீமை'. மூன்றாம் பதிப்பில் ஓர்க்குக்குப் 'பலவேளை' கிடைத்தபோது இராட்சதனுக்குக் கிடைத்தது 'எப்போதும்'.

எப்போதும் என்றால் விபீடணன் எங்கே போவான்? அவன் இராமனுடைய பாசறை வாயிலில் வந்து நின்றபோது நிகழ்ந்த மந்திராலோசனையை நாம் அறிவோம். சுக்கிரீவன் முதலானோர், வந்தவன் அரக்கன், பகைவனின் தம்பி, ஏற்கத்தகான் என்றனர். அநுமன் ஒருவனே, இலங்கையில் அவன் மனையையும் அவன் ஒழுகிய முறையையும் தான் நேரிற் கண்டதை எடுத்துச் சொன்னான். அவன் சொன்னது குலத்தைப் பற்றியன்று, கண்ட செயலைப் பற்றி. ஈரும் பேனும் பற்றிய பழமொழி அன்று அச்சபையில் வென்றிருக்குமாயின் கதை வேறு வழியிற் போயிருக்கும்.

2025 பெப்ரவரியில் வந்த புதிய உயிரின நூலைப் புரட்டியவர் கூறுவது: ஓர்க்குக்கென்று அதில் இப்போது தனி வரியில்லை, அவன் மற்ற மக்களோடு கலந்துவிட்டான். இராட்சதன் மட்டும் பழைய இடத்திலேயே, அதே 'ஒழுங்கான தீமை' என்னும் எழுத்தோடு நிற்கின்றான். அவ்வெழுத்து பொதுவழக்கு மட்டுமே, ஆட்டத் தலைவர் விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு குறிப்பும் உண்டு. ஆகவே நம் சங்க இளைஞர் மேசையைச் சுற்றி அமரும் மாலையொன்றில், புலித்தலையன் ஒருவன் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு வாயிலில் நின்று அடைக்கலம் கேட்பானாயின், அவன் தாளில் என்ன எழுதுவதென்று அம்மேசையில் இருப்போரே தீர்மானிக்க வேண்டும். அந்த மாலையில் நமக்கும் ஒரு நாற்காலி போட்டுவைக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.